கேட்டலாக்கில் பார்த்ததும் போனில் வாங்கியதும்: புதுவீட்டுச் சாமான் வாங்கப் போகிறவர்களுக்கு

வீடு கட்டி, பூச்சு வேலை முடிந்து, இனி டைல்ஸ், குழாய், மைக்கா, திரைச்சீலை என்று ஒவ்வொன்றாக வாங்க வேண்டிய கட்டத்தில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதிலும் கூட நின்று முடிவெடுக்க இன்னொரு ஆள் இல்லாமல் தனியாக அலைகிறவர்களுக்காக. காவேரிப்பட்டணத்தில் எங்கள் வீட்டு வேலை நடந்தபோது என் கணவர் மஸ்கட்டில் இருந்தார். மாமியாருக்கு முழங்கால் வலி, வாடகை வீட்டுப் படியே இறங்க முடியாது. மேஸ்திரி, பிளம்பர், எலக்ட்ரீஷியன், கார்பெண்டர் என்று யாருக்கு என்ன வேண்டுமானாலும் காலையில் போன் வருவது எனக்குத்தான். சிமெண்ட், கம்பி, ஜல்லி பற்றிச் சொல்ல ஊரில் நூறு பேர் இருந்தார்கள். குழாயும் வாஷ்பேசினும் எப்படி வாங்குவது என்று சொல்ல ஒருவர் கூட இல்லை. அந்தக் கடைசிக் கட்டத்தில் இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் கையை விட்டுப் போனது. ஆவணியில் வைத்திருந்த கிரகப்பிரவேசம் தவறி, புரட்டாசியில் வைக்க முடியாமல், ஐப்பசிக்குப் போனது. அதனால் இரண்டு மாத வாடகை தனியாக 14,000 ரூபாய்.

முதலில் கடையில் பார்த்ததிலிருந்து ஆரம்பிக்கிறேன். கிருஷ்ணகிரியில் ஒரு சானிட்டரி கடைக்குப் போனேன். கடைக்காரர் வயதானவர், "உக்காருங்கம்மா, பொறுமையா பாருங்க" என்று சொல்லி நாலைந்து கேட்டலாக்கை மேசையில் அடுக்கிவிட்டு வேறு ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். குழாய் கேட்டலாக்கை அதற்கு முன் நான் கையில் எடுத்ததே இல்லை. ஒரு பக்கத்தில் பளபளவென்று படம், அதன் கீழே அந்த மாடலுக்கான கோடு நம்பர், பக்கத்திலேயே மெல்லிய கோடுகளால் ஒரு வரைபடம். சுவரிலிருந்து குழாயின் மூக்கு எத்தனை மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டு இருக்கும், எவ்வளவு உயரம், எந்த இடத்தில் நூல் மரை என்று எல்லாம் அதில் இருக்கும். அன்று அது எனக்கு வெறும் அலங்காரமாகத்தான் தெரிந்தது. விலையோ இன்னொரு தனிப் புத்தகத்தில். எம்.ஆர்.பி. போட்டிருக்கும், அதில் கழிவு எவ்வளவு என்று கடைக்காரர் கால்குலேட்டரைத் தட்டித்தான் சொல்வார். ஒருவருக்கு 20 சதவீதம், இன்னொருவருக்கு 30 என்று காதில் விழும்போது, நமக்கு எவ்வளவு ஏமாற்று என்ற சந்தேகம் வரத்தான் செய்கிறது. கேட்டலாக் கடைகளில் எனக்குப் பிடிக்காதது இதுதான், இன்றைக்கும் பிடிக்கவில்லை.

குளியலறைக்கு ஒரு டைவர்ட்டர் பார்த்து வைத்தேன். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: ஒரே கைப்பிடியில் வெந்நீர், தண்ணீர் இரண்டையும் கலந்து, மேலே ஷவருக்கோ கீழே குழாய்க்கோ திருப்பிவிடுகிற சாமான். கழிவு போக 5,200 ரூபாய் என்றார். இரவு மாமியார் தூங்கிய பிறகு போனை எடுத்துத் தேடினால் அதே கம்பெனி, ஏறக்குறைய அதே படம், 3,150 ரூபாய். இரண்டு குளியலறைக்கு நாலாயிரம் ரூபாய் மிச்சம். யாராக இருந்தாலும் வாங்குவார்கள். முதலில் ஒன்று வாங்கிப் பார்ப்போம் என்று ஆர்டர் போட்டேன்.

பெட்டி நல்லபடியாக வந்தது. பிளம்பர் தம்பி பிரித்துப் பார்த்துவிட்டு, "அக்கா, பாடி எங்க? இது வெறும் மேல்தட்டுதான்" என்றான். அப்போதுதான் எனக்கே விஷயம் புரிந்தது. இந்த வகை டைவர்ட்டரில் இரண்டு பாகம் உண்டு. சுவருக்குள் புதைகிற பித்தளை பாடி ஒன்று, டைல்ஸ் ஒட்டிய பிறகு வெளியே மாட்டுகிற தட்டும் கைப்பிடியும் இன்னொன்று. பாடி புதைந்தால்தான் டைல்ஸ் ஒட்ட முடியும். இணையத்தில் படம் முழுசாகத்தான் இருந்தது, "வெளிப்பாகம் மட்டும்" என்பது விவரத்தின் அடியில், நாலைந்து தடவை விரலால் தள்ளினால் வருகிற இடத்தில் இருந்தது. கடை கேட்டலாக்கில் அந்தப் பக்கத்தைத் திரும்பப் போய்ப் பார்த்தேன். படத்துக்குக் கீழே இரண்டு கோடு நம்பர், இரண்டு விலை, பாடிக்குத் தனி, மேல்பாகத்துக்குத் தனி என்று ஒன்றின் கீழ் ஒன்றாக அச்சிட்டிருந்தது. இணையத்தில் பாடியைத் தனியாகத் தேடினால் 2,100 ரூபாய். இரண்டையும் கூட்டினால் 5,250. கடை விலையை விட ஐம்பது ரூபாய் அதிகம்.

சரி, பாடியை மட்டும் கடையில் வாங்கலாம் என்று போனால் கடைக்காரர் கோடு நம்பரைப் பார்த்துவிட்டு, "இது எங்க லிஸ்ட்லயே இல்லம்மா, ஆன்லைனுக்குன்னே விடுற மாடல்" என்றார். கம்பெனி ஒன்றாக இருந்தாலும் இணையத்தில் மட்டும் விற்கிற வரிசைகள் உண்டு, அதற்குக் கடையில் உதிரிபாகம் கிடைக்காது என்பதை எனக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை. பின்னால் கார்ட்ரிஜ், அதாவது உள்ளே தண்ணீரைத் திறந்து மூடுகிற பாகம், போனாலும் இதே கதைதான் என்றார். இதற்குள் பிளம்பர் அந்த மாடலின் அளவுக்குச் சுவரை வெட்டிவிட்டான். அதைத் திருப்பி அனுப்பிவிட்டுக் கடை மாடலையே வாங்கினேன், அதன் பாடிக்கு வெட்டிய ஆழம் போதவில்லை. மறுபடி வெட்டு, மறுபடி பூச்சு. டைல்ஸ் ஒட்டுகிற மேஸ்திரி காத்திருந்து பார்த்துவிட்டுப் பர்கூர் பக்கம் வேறு வேலைக்குப் போய்விட்டார். அவர் திரும்பி வருவதற்குள் ஆவணி முகூர்த்தம் கடந்துவிட்டது. திருப்பி அனுப்பிய பொருளுக்குப் பணம் முழுதாக வந்தது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கூலி, சிமெண்ட் என்று போன நாலாயிரம் எந்தக் கணக்கிலும் திரும்பி வராது. சுவருக்குள் போகிற எதையும், பைப், பாடி, ஃபிளஷ் டேங்க், ஒயர் எதுவாக இருந்தாலும், இணையத்தில் வாங்காதீர்கள் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான். அப்படியே வாங்கினாலும் கம்பெனியின் கேட்டலாக்கைப் பி.டி.எஃப். ஆக இறக்கிக்கொண்டு, அதில் உள்ள கோடும் விற்பனைப் பக்கத்தில் உள்ள கோடும் ஓர் எழுத்து பிசகாமல் ஒன்றுதானா என்று பாருங்கள். பெரிய கம்பெனிகள் பெரும்பாலும் தங்கள் இணையதளத்திலேயே கேட்டலாக்கை இலவசமாக வைத்திருக்கின்றன.

அடுத்தது நடந்ததுதான் பெரிய அடி. டைவர்ட்டர் பிரச்சினை ஓடிக்கொண்டிருந்தபோது, குழாய், ஷவர் என்றே தேடிக்கொண்டிருந்ததால் போனைத் திறந்தால் அதே விளம்பரங்கள். அதில் ஒன்று, ஒரு பெரிய குடோன், அடுக்கடுக்காகப் பெட்டிகள், நல்ல தமிழில் ஒரு பெண் குரல். குடோன் காலி செய்கிறோம், இரண்டு குளியலறைக்கு வேண்டிய குழாய், ஷவர், ஹெல்த் ஃபாசெட் எல்லாம் சேர்த்து 12,499 ரூபாய். மேலே சிவப்பில் நேரம் குறைந்துகொண்டே வரும் கடிகாரம், கீழே "இன்னும் 3 செட் மட்டும்". வாட்ஸ்அப்பில் கேட்டால் அக்கா அக்கா என்று மரியாதையாகப் பதில், சாமானை எடை போட்டுக் காட்டுகிற வீடியோ கூட அனுப்பினார்கள். கியூ.ஆர். கோடு அனுப்பினார்கள், பணம் கட்டினேன். அப்புறம் ஒரு டிராக்கிங் நம்பர் வந்தது. கூரியர் தளத்தில் போட்டால் விவரம் இல்லை. கேட்டால், இரண்டு நாளில் ஏறிவிடும் அக்கா என்றார்கள். கடைசியில் ஒரு சின்னப் பொட்டலம் வந்தது. உள்ளே திருவிழாக் கடையில் விற்கிற மாதிரி ஒரு பிளாஸ்டிக் கை ஷவர். போன் செய்தால் எடுக்கவில்லை, சாயங்காலம் பார்த்தால் என் நம்பரைத் தடுத்துவிட்டார்கள்.

அந்த வாரம் நான் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. பாலைவன வெயிலில் நின்று ஒருவர் அனுப்பிய காசு அது. அவரிடம் வீடியோ காலில் பேசும்போது புது வீட்டுச் சுவரைத்தான் காட்டினேன், இதைச் சொல்லவில்லை. மாமியாரிடமும் சொல்லவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. இரவில் படுத்துக்கொண்டு அந்தப் பெண் குரலையே திரும்பத் திரும்பக் கேட்பேன், எந்த இடத்தில் பொய் தெரிந்தது என்று. கடைசியில் என் தம்பியிடம் சொன்னபோது அவன் திட்டவில்லை. "அக்கா, முதல்ல 1930-க்குப் போடு" என்றான். அந்த எண்ணை எல்லாரும் போனில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். இணையவழிப் பண மோசடிக்கு நாடு முழுதுக்குமான உதவி எண் அது, சைபர் கிரைம் இணையதளத்திலும் புகார் பதியலாம். பணம் போன உடனே, மணிக்கணக்கில் சொன்னால், அது இன்னொரு கணக்குக்குக் கை மாறுவதற்குள் நிறுத்தி வைக்க முயல்வார்கள். பொட்டலம் வருகிறது, வருகிறது என்று நம்மைக் காத்திருக்க வைப்பதே அந்த நேரத்தைக் கடத்தத்தான். வெறும் பெட்டி அனுப்பாமல் மலிவான ஒரு சாமானை அனுப்புவதற்கும் காரணம் உண்டு. டெலிவரி ஆனதாகக் கணக்கு இருக்கும், பார்க்கிறவர்களுக்கு ஏதோ சாமான் மாறிப்போன தகராறு மாதிரி தெரியும். மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்திலும் போய் எழுதிக் கொடுத்தேன். அங்கே பொறுமையாகத்தான் கேட்டார்கள். பணம் இதுவரை வரவில்லை.

விளம்பரத்தில் பார்க்கிற கடையை எப்படிச் சோதிப்பது என்று இப்போது என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். 2020-இல் வந்த மின்வணிக விதிகளின்படி, இணையத்தில் விற்கிற எவரும் நிறுவனத்தின் சட்டப்படியான பெயர், முகவரி, வாடிக்கையாளர் தொடர்பு, குறைதீர் அலுவலரின் பெயர் எல்லாவற்றையும் பக்கத்தில் காட்ட வேண்டும். வாட்ஸ்அப் எண் மட்டும் இருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். ஜி.எஸ்.டி. எண் கேளுங்கள், கொடுத்தால் ஜி.எஸ்.டி. இணையதளத்தில் அதைப் போட்டுப் பாருங்கள், எந்தப் பெயரில் எந்த ஊரில் பதிவாகியிருக்கிறது என்று காசில்லாமல் தெரிந்துவிடும். யு.பி.ஐ. திரையில் பணம் கட்டும் முன் வருகிற பெயர் கடையின் பெயர்தானா, ஏதோ ஒரு தனி ஆளின் பெயரா என்று வாய்விட்டுப் படியுங்கள். எனக்குத் தனி ஆள் பெயர்தான் வந்தது. "கணக்காளர் கணக்கு அக்கா" என்று அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தார்கள். இந்தக் குறைகிற கடிகாரம், "மூன்றுதான் பாக்கி" வகையறா பொய் அவசரத்தை, வாங்குபவரை ஏய்க்கும் தந்திரங்களில் ஒன்றாக 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டுதலாகவே அறிவித்து, 13 வகைத் தந்திரங்களைப் பட்டியலிட்டிருக்கிறது. தடை செய்யப்பட்ட வித்தை என்று தெரிந்திருந்தால் அந்தச் சிவப்புக் கடிகாரமே எனக்கு எச்சரிக்கையாக இருந்திருக்கும்.

வாஷ்பேசின் கதை வேறு. அது பெயர் பெற்ற தளம்தான், விற்பவர் வேறு ஊர்க்காரர். 4,350 ரூபாய். டெலிவரிக்கு வந்த பையன் அவசரத்தில் ஓ.டி.பி. வாங்கிக்கொண்டு பெட்டியைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போய்விட்டான். பெட்டியை நகர்த்தினாலே உள்ளே கலகலவென்று சத்தம். திறந்தால் ஒரு மூலை முழுதும் சில்லு சில்லாக. திருப்பி எடுக்கச் சொன்னால், உங்கள் பகுதியில் கனமான பொருளைத் திரும்ப எடுக்கும் வசதி இல்லை என்று ஒரு பதில். அப்புறம், பெட்டி பிரிக்கும் வீடியோ இல்லாததால் ஏற்க முடியாது என்று இன்னொரு பதில். போனில் ஒவ்வொரு தடவையும் புது ஆள், ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து கதை. இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வந்தது, அழுகை போய்க் கோபம் வந்தது நல்லதுக்குத்தான். அதே மின்வணிக விதிகளில், பழுதான பொருளையோ விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளையோ திரும்ப வாங்க விற்பவர் மறுக்கக் கூடாது என்று இருக்கிறது. புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்றும் இருக்கிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போட்டேன். தமிழிலேயே பேசலாம். ஆர்டர் நம்பர், உடைந்த படம், அவர்கள் அனுப்பிய பதில்கள் எல்லாவற்றையும் வைத்துப் பதிந்தார்கள். அதன் பிறகு தளத்திலிருந்தே கூப்பிட்டார்கள், பணம் வந்தது. ஆனாலும் ஒரு மாதத்துக்கு மேல் அந்தக் காசு முடங்கிக் கிடந்தது. உடைகிற சாமானை இணையத்தில் வாங்கியே தீர வேண்டும் என்றால், டெலிவரி ஆள் நிற்கும்போதே பெட்டியின் ஆறு பக்கமும், முகவரி ஒட்டிய லேபிளும், பிரிப்பதும் ஒரே வீடியோவில் வருகிற மாதிரி எடுங்கள். பிரித்துப் பார்த்து வாங்கும் வசதி இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள், பார்க்காமல் ஓ.டி.பி. சொல்லாதீர்கள்.

1915-க்குச் சொல்லியும் விற்றவர்கள் இறங்கி வரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது. எனக்கு அந்த அளவுக்குத் தேவைப்படவில்லை. ஆனால் அடுத்தது அங்கேதான் போவேன் என்று எழுதி அனுப்பியது வேலை செய்தது என்றே நினைக்கிறேன்.

திரைச்சீலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போனில் மயில்கழுத்து நிறமாகத் தெரிந்தது, வீட்டில் பிரித்தால் மங்கிப்போன பச்சை. கைப்பேசித் திரை தானே ஒளி விடுகிற பொருள், துணி அப்படி இல்லை, அதில் பட்டுத் திரும்புகிற வெளிச்சம்தான் நிறம். எங்கள் கூடத்தில் மஞ்சள் விளக்கு வேறு. ரெடிமேடாக 5 அடி, 7 அடி, 9 அடி என்றுதான் பொதுவாக வரும், எங்கள் சன்னல் கம்பியிலிருந்து தரை வரை எட்டே கால் அடி. ஏழும் போதாது, ஒன்பதும் புரளும். 5,600 ரூபாயில் பாதியை மடித்துத் தைத்து மாடி அறைக்குப் போட்டாகிவிட்டது, மீதி பீரோவில் கிடக்கிறது. அதன் பிறகு பர்கூர் துணிக் கடைகளுக்குப் போய், நிஜத் துணித் துண்டுகளையே வெட்டி ஒட்டி வைத்திருக்கிற கேட்டலாக்கைப் பார்த்தேன். கூச்சப்படாமல் ஒரு நாள் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய், காலை வெளிச்சத்திலும் விளக்குப் போட்டும் சன்னலில் பிடித்துப் பாருங்கள். கடைக்காரர்கள் முன்பணம் வாங்கிக்கொண்டு கொடுத்துவிடுகிறார்கள். கம்பியின் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு துணி இருந்தால்தான் மடிப்பு அழகாக விழும், அதையும் தையல்காரர்தான் சொன்னார், எந்தத் தளமும் சொல்லவில்லை.

கேட்டலாக் என்றாலே நம்பலாம் என்று நினைத்துவிட வேண்டாம். மைக்காவில் எனக்கு நேர்ந்தது அதுதான். வளையத்தில் கோத்த சின்னச் சின்ன மைக்காத் துண்டுகளைப் புரட்டிப் புரட்டி, சமையலறை அலமாரிக்கு ஒரு தேக்கு நிறம் தேர்ந்தெடுத்தேன். கையில் தடவிப் பார்த்தால் மரத்தின் வரியே விரலில் தட்டுப்படும், அவ்வளவு பிடித்துவிட்டது. எட்டுக்கு நாலு அடி ஷீட் வந்து, பாதிக் கதவுகளுக்கு ஒட்டியும் ஆகிவிட்டது. மூன்று ஷீட் குறைகிறது என்று போனால் அந்தக் கோடு நின்றுபோய் ஒரு வருடம் ஆகிறதாம், எங்களுக்குக் கொடுத்தது குடோனில் மிஞ்சிய சரக்காம். கேட்டலாக் மட்டும் பழையபடி மேசையில் இருக்கிறது. கடைசியில் மேல் அலமாரிக்கு வேறு நிறம் போட வேண்டியதாயிற்று. ஆகவே கேட்டலாக்கில் கை வைத்த உடனே கேட்க வேண்டிய கேள்வி, "அண்ணா, இந்தக் கோடு இப்ப ஓடுதா?" என்பதுதான். டைல்ஸுக்கும் இதே மாதிரி. பெட்டியின் மேல் பேட்ச் நம்பரும் ஷேடும் அச்சிட்டிருப்பார்கள், இறக்கும்போதே எல்லாப் பெட்டியிலும் ஒன்றுதானா என்று பாருங்கள். இரண்டுக்கு இரண்டு டைல்ஸில் ஒரு பெட்டிக்கு நான்கு, ஏறக்குறைய பதினைந்தரைச் சதுர அடி. கணக்குக்கு மேல் ஒரு பெட்டி வாங்கிப் போட்டு வைப்பது வீண் செலவு இல்லை, நாளைக்கு ஒன்று உடைந்தால் அந்த ஷேடு எங்கேயும் கிடைக்காது.

என் அப்பா மாந்தோப்பு வைத்திருந்தவர். காய்கறி விதைகளைத் தபாலில் வருகிற விலைப்பட்டியலைப் பார்த்துத்தான் வாங்குவார். கார்டு எழுதிப் போட்டால் வி.பி.பி.யில் வரும், தபால்காரரிடம் பணத்தைக் கொடுத்துப் பொட்டலத்தை வாங்குவார், தபால் துறை அந்தப் பணத்தை மணியார்டராக விற்றவருக்கு அனுப்பிவிடும். பார்க்காமல் வாங்குவது ஒன்றும் புதிதில்லை. அமெரிக்காவில் சியர்ஸ் கம்பெனி 1908 முதல் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வீட்டையே கேட்டலாக்கில் விற்றிருக்கிறது. மரச் சட்டம், கதவு, சன்னல், ஆணி வரை ரயிலில் வந்து இறங்குமாம். அந்தக் கம்பெனி தன் பெரிய கேட்டலாக்கை 1993-இல் நிறுத்திவிட்டது. ஐக்கியாவும் 1951 முதல் போட்டுக்கொண்டிருந்த கேட்டலாக்கை 2021 பதிப்போடு முடித்துக்கொண்டது. அச்சடித்த பக்கத்தில் ஒரு சௌகரியம் இருந்தது. இன்று 3,150, நாளை 3,600, ராத்திரி 2,999 என்று அதில் விலை மாறாது. அளவும் கோடும் அழியாமல் நம் கையில் சாட்சியாக இருக்கும். இணையப் பக்கத்தை விற்பவர் எந்த நிமிடமும் மாற்றலாம். டைவர்ட்டரின் விவரத்தை நான் திருப்பி அனுப்பிய பிறகு போய்ப் பார்த்தால், "வெளிப்பாகம் மட்டும்" என்பது தலைப்பிலேயே ஏறியிருந்தது. அதனால் ஆர்டர் போடும் முன் முழுப் பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இணையத்தில் வாங்கி நல்லதாக வாய்த்தவையும் உண்டு. எல்.இ.டி. விளக்குகள், கதவுப் பூட்டு, சமையலறைக் கம்பிக் கூடைகள் எல்லாம் கடையை விடக் குறைவு, பில்லும் வாரண்டியும் சரியாக வந்தன. 2018 ஜனவரி முதல் பொட்டலப் பொருட்களுக்கு எம்.ஆர்.பி., தயாரித்தவர் பெயர், அளவு போன்றவற்றை இணையப் பக்கத்திலும் காட்ட வேண்டும் என்பது சட்டம், அது இருக்கிற பக்கமாகப் பார்த்து வாங்கினால் பாதிக் கவலை போய்விடும். விமர்சனங்களில் ஐந்து நட்சத்திரத்தை விடுங்கள், இரண்டும் மூன்றும் கொடுத்தவர்கள் போட்டிருக்கிற படங்களைப் பாருங்கள். ஆறு மாதம் பயன்படுத்திய பிறகு எழுதியவர் ஒருவர் கிடைத்தால் போதும். இப்போது நான் செய்வது, கடையில் கேட்டலாக்கைப் பார்த்து, சாமானைக் கையில் எடுத்து, கோடு நம்பரையும் கழிவு போன விலையையும் எழுதிக்கொண்டு வந்து, அதே கோடை இணையத்தில் போட்டுப் பார்ப்பது. வித்தியாசம் பத்து சதவீதத்துக்குள் இருந்தால் கடையிலேயே வாங்கிவிடுவேன். அதற்கு மேல் இருந்தால் கடைக்காரரிடமே போனைக் காட்டிக் கேட்பேன், பலமுறை குறைத்துக் கொடுத்திருக்கிறார். அவர் நேரத்தை எடுத்துக்கொண்டு, அவர் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வெளியே வாங்குவது எனக்கு இப்போது மனதுக்கு ஒப்பவில்லை.

குழாயைக் கையில் எடுக்கச் சொல்வது வெறும் பேச்சுக்கு இல்லை. எங்கள் பக்கம் போர் தண்ணீர் உப்புத் தண்ணீர், பாத்திரத்திலேயே வெள்ளையாகப் படியும். பித்தளையில் செய்த குழாய் கையில் கனக்கும். மலிவான உலோகத்தில் மேலே மட்டும் குரோம் பூசியது லேசாக இருக்கும், கொஞ்ச நாளில் அந்தப் பூச்சு கொப்புளம் விட்டு உரியும். படத்தில் இரண்டும் ஒரே பளபளப்புதான். குழாய் மூக்கில் இருக்கிற சல்லடையைக் கையால் கழற்ற முடிகிறதா என்றும் திருகிப் பாருங்கள், உப்பு அடைத்துக்கொண்டால் கழற்றிப் புளித்தண்ணீரிலோ வினிகரிலோ ஊறப்போட வேண்டியிருக்கும். இணையத்தில்தான் வாங்குவது என்றால் எடை எத்தனை கிராம், பாடி எந்த உலோகம் என்பது எழுதியிருக்கிறதா பாருங்கள், எழுதாத பக்கத்தை விட்டுவிடுங்கள்.

இன்னொன்று. சாமான் எங்கே வாங்கினாலும் பெட்டியைக் குப்பையில் போடும் முன் அதில் ஒட்டியிருக்கிற லேபிளைக் கிழித்து ஒரு நோட்டில் ஒட்டி, எந்தக் குளியலறை, எந்தச் சுவர் என்று பக்கத்தில் எழுதி, பில்லையும் அதிலேயே பின் அடித்து வையுங்கள். போன மாதம் மாடிக் குழாய் சொட்டியபோது பிளம்பர் தம்பி கேட்டது கோடு நம்பரைத்தான். நோட்டைப் பார்த்துச் சொன்னேன், கார்ட்ரிஜ் கிருஷ்ணகிரியிலேயே கிடைத்தது, வாரண்டி இருந்ததால் காசும் ஆகவில்லை.